மருந்துக்கு அடங்காத புல்லும் மருந்தடிக்கும் கைகளும்

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் புல்லைப் பற்றிப் பாடம் நடத்த வேண்டியதில்லை. பால்மரக் காடானாலும் செம்பனைக் காடானாலும், மரத்தோடு பட்ட பாட்டைவிடப் புல்லோடு பட்ட பாடுதான் நம்மவர்களுக்கு அதிகம். பாட்டன் சாங்கூல் கொண்டு வெட்டினார். அப்பன் முதுகிலே பம்பைச் சுமந்தார். அம்மா தலையிலே துண்டைக் கட்டிக்கொண்டு, மருந்து வாளியோடு நிரை நிரையாக நடந்தாள். ஆனாலும் புல் போனபாடில்லை. "போன மாசந்தானே அடிச்சோம், அதுக்குள்ள எப்படிப்பா மொளச்சிச்சு?" என்ற பேச்சைப் பெரட்டுக் களத்தில் கேட்காத தோட்டம் உண்டா?

இந்தக் கேள்விக்கு விடை இருக்கிறது. புல்லின் குணம் தெரியாமல் மருந்தை மட்டும் நம்பினால் புல்தான் ஜெயிக்கும். அதற்கிடையில் பம்பைச் சுமக்கிறவன் உடம்பு கெட்டுப்போகும். ஆகவே நம்மைப் பாடாய்ப் படுத்தும் இரண்டு புற்களின் கதையை இன்று பார்ப்போம். ஒன்று லாலான். மற்றொன்று மலாய்க்காரர்கள் 'சம்பாவ்' என்று சொல்லும் புல்.

லாலானின் உயிர் எங்கே?

லாலானை மேலே பார்த்தால் வெறும் இலைதான். அதன் உயிர் மண்ணுக்குள்ளே இருக்கிறது. வெள்ளை வெள்ளையாக, கணுக்கணுவாக, ஊசி முனையோடு ஓடுகிறதே, அதை வேர் என்று நாம் சொன்னாலும் அது உண்மையில் மண்ணுக்கடியில் படுத்திருக்கும் தண்டு. ஒவ்வொரு கணுவிலும் ஒரு முளை தூங்கிக்கொண்டிருக்கும். சாங்கூலால் வெட்டி நாலு துண்டாக்கினால், கணுவுள்ள நாலு துண்டும் நாலு செடியாகக் கிளம்பும். "வெட்ட வெட்டத் துளிர்க்குது" என்று நம் பெரியவர்கள் சொன்னது இதைத்தான்.

நெருப்பு வைத்தால் அழியுமா? அதுவும் நடக்காது. காய்ந்த லாலான் பெட்ரோல் போலப் பற்றும். பக்கத்திலே உள்ள இளம் ரப்பர் கன்றுகளையும் சேர்த்துக் கொளுத்திவிடும். ஆனால் மண்ணுக்கடியில் உள்ள தண்டுக்கு ஒன்றும் ஆகாது. தீப்பட்ட சில நாளில் பச்சைக் குருத்து எட்டிப் பார்க்கும். அதோடு வெட்டும் நெருப்பும் பட்டால் லாலான் சீக்கிரமாகப் பூக்கும். பஞ்சு போன்ற அந்தப் பூவிலிருந்து காற்றோடு பறக்கும் விதை, ஒரு செடிக்கு 3,000 வரை இருக்கும். ஆக, நெருப்பு வைத்தவன் லாலானுக்கு விதைப்பாடு செய்து கொடுத்தவன் ஆகிறான்.

இந்தப் பொல்லாத புல்லுக்கும் ஒரு பலவீனம் உண்டு. அதற்கு நிழல் ஆகாது. வெயில் இருந்தால்தான் அது ராஜா. பெரிய மரங்கள் கவிந்த காட்டிலே லாலான் இருக்காது. காட்டை அழித்து வெளியாக்கிய இடத்தில்தான் வந்து குடியேறும். இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் பாதி வெற்றி நம்முடையது.

மண்ணைச் சுரண்டிய காலம்

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் போட்ட துரைமார்களுக்கு மரத்தடியில் ஒரு புல்கூட இருக்கக்கூடாது. முற்றம்போலத் துப்புரவாக இருந்தால்தான் நல்ல தோட்டம் என்று எண்ணினார்கள். நம்மவர்கள் ஆணும் பெண்ணுமாக வெயிலில் குனிந்து சுரண்டிச் சுரண்டி மண்ணை மொட்டையாக்கினார்கள். மழை பெய்தபோது மேல்மண் அத்தனையும் ஆற்றோடு போயிற்று. சத்துள்ள மண் போன பிறகு மரம் எப்படிக் கொழிக்கும்?

அப்புறம் வந்தது சோடியம் ஆர்சனைட் என்னும் பாஷாணம். லாலானைக் கொல்ல அதைத் தோட்டந்தோறும் தெளித்தார்கள். மனிதனுக்கும் மாட்டுக்கும் எமனான சரக்கு அது. அதைத் தெளித்த இடத்தில் மாடு மேய்ந்தால் கதை முடிந்தது.

இதே காலத்தில் நல்ல வழி ஒன்றும் பிறந்தது. 1925இல் அமைக்கப்பட்ட ரப்பர் ஆராய்ச்சிக் கழகமும் தோட்டங்களும் சேர்ந்து, மரத்துக்கு இடையிலே பயறு இனத்துக் கொடிகளைப் போடும் பழக்கத்தைப் பரப்பின. பூராரியா, கலப்போகோனியம், சென்ட்ரோசீமா என்று அவற்றுக்குப் பெயர். பெயர் வாயில் நுழையாவிட்டாலும், மறுநடவு செய்த காட்டிலே இடுப்பளவு மெத்தை போல மூடிக் கிடக்கும் கொடியை நமக்கெல்லாம் தெரியும். இந்தியாவிலிருந்து வந்த முக்குனா என்ற பெரிய இலைக்கொடியும் இப்போது செம்பனைத் தோட்டங்களில் பரவலாகப் போடப்படுகிறது.

இந்தக் கொடி மூன்று வேலை செய்கிறது. லாலானுக்கு வெயில் படாமல் மூடி, அதை மூச்சுத் திணற வைக்கிறது. மழையில் மண் கரையாமல் பிடித்துக்கொள்கிறது. காற்றிலுள்ள நைட்ரஜனைத் தன் வேர் முடிச்சுகளில் பிடித்து மண்ணுக்கு உரமாகக் கொடுக்கிறது. கொடி நன்றாகப் படர்ந்த காட்டில் ரப்பர் கன்று சீக்கிரம் பருத்து, வெட்டுக்கும் சீக்கிரம் வருகிறது. ஆகவே, "சும்மா படர்ந்து கெடக்குது" என்று கொடியை அலட்சியமாக வெட்டிவிடாதீர்கள். மரத்தைச் சுற்றியிருக்கும் வட்டத்தை மட்டும் திறந்து வைத்து, மற்ற இடத்தை அதற்கு விட்டுவிடுவதுதான் முறை.

பாராகுவாட் வந்தது, போனது

1960களில் பாஷாணத்துக்குப் பதிலாகப் பாராகுவாட் நம் தோட்டங்களில் நுழைந்தது. 'கிராமக்சோன்' என்ற பெயரை அறியாத தோட்டத் தொழிலாளி இல்லை. காலையில் அடித்தால் சாயங்காலமே புல் வாடும். துரைக்கும் சந்தோஷம், கிராணிக்கும் சந்தோஷம். ஆனால் அது பட்ட இலையை மட்டும் கருக்குகிற மருந்து. மண்ணுக்குள் இருக்கும் லாலான் தண்டை அது தொடுவதில்லை. ஆகவேதான் திரும்பத் திரும்ப அடிக்க வேண்டி வந்தது.

புல்லைக் கருக்கிய அதே வேகத்தில் அது நம் மக்களையும் தீண்டியது. நகம் கழன்றவர்கள், மூக்கில் ரத்தம் வந்தவர்கள், கண் எரிச்சலோடு காலம் தள்ளியவர்கள் எத்தனை பேர்! ஒரு மடக்கு வயிற்றுக்குள் போனாலே உயிருக்கு ஆபத்து. அதற்கு மாற்று மருந்து இன்றுவரை கிடையாது. மருந்தடிக்கும் வேலையில் பெரும்பாலும் நிறுத்தப்பட்டவர்கள் பெண்கள் என்பதை மறக்கக்கூடாது. 2002ஆம் ஆண்டில் தெனாகானித்தா என்ற அமைப்பும் பினாங்கைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு பூச்சிக்கொல்லி எதிர்ப்பு அமைப்பும் சேர்ந்து, தோட்டங்களில் மருந்தடிக்கும் பெண்களின் நிலையை ஆராய்ந்து வெளியிட்டன. தெனாகானித்தாவை வழிநடத்திய ஐரின் பெர்னாண்டஸ் 2014இல் மறையும் வரையில் இதற்காகக் குரல் கொடுத்தார்.

அதே 2002இல் அரசாங்கம் பாராகுவாட்டை நிறுத்தப் போவதாக அறிவித்தது. 2006இல் அந்தத் தடை தளர்ந்தது. கடைசியாக 2020 ஜனவரி 1ஆம் தேதி முதல் பாராகுவாட் மலேசியாவில் முற்றாகத் தடை செய்யப்பட்டது. ஆகவே, பழைய டின் எங்காவது ஸ்டோரிலோ வீட்டுக்குப் பின்னாலோ கிடந்தால், "கொஞ்சந்தானே இருக்கு, அடிச்சுத் தீர்த்துடுவோம்" என்று எண்ணாதீர்கள். அதை வைத்திருப்பதே ஆபத்து.

கேழ்வரகின் பங்காளி

இனி அடுத்த புல்லுக்கு வருவோம். செம்பனை வட்டத்திலும், பழம் ஏற்றும் பாதையிலும், லாரி போகும் சாலை ஓரத்திலும் தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டு, தட்டையான வெளிறிய தண்டோடு, கைவிரல் விரித்தாற்போலக் கதிர் விடும் புல்லைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் சம்பாவ். பிடுங்கிப் பார்த்தால் கைதான் வலிக்கும், புல் வராது. இது வேறு யாருமல்ல, நாம் கூழ் காய்ச்சிக் குடிக்கும் கேழ்வரகின் பங்காளி. கேழ்வரகு உண்டான வம்சத்தில் இந்தப் புல்லுக்கும் பங்குண்டு என்று தாவர சாஸ்திரிகள் கண்டிருக்கிறார்கள். கேழ்வரகு எப்படி வறட்சியைத் தாங்குமோ, அப்படியே இதுவும் மிதியையும் வெயிலையும் தாங்கும். லாலானுக்குத் தண்டு பலம், இதற்கு விதை பலம். ஒரே செடி ஆயிரக்கணக்கில் விதை உதிர்க்கும்.

இந்தப் புல்தான் மருந்துக் கம்பெனிகளுக்கே தண்ணீர் காட்டியது. 1990 வாக்கிலேயே நம் நாட்டில் பாராகுவாட்டுக்குச் சாகாத சம்பாவ் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கடுத்துப் பெரிதாக நம்பப்பட்டது கிளைபோசேட். 'ரவுண்டப்' என்று 1974இல் அது முதன்முதலில் விற்பனைக்கு வந்தபோது, அதைப் பயன்படுத்திய முதல் நாடுகளில் மலேசியாவும் ஒன்று. இங்கே அது வந்தது ரப்பர் தோட்டங்களுக்காக. இலையில் பட்டால் உள்ளே இறங்கி, லாலானின் தண்டு வரைக்கும் போய்க் கொல்லும் மருந்து அது. ஆனால் 1997இல் பேராக் மாநிலத்துத் தெலுக் இந்தான் வட்டாரத்தில் ஒரு பழத்தோட்டத்தில், கிளைபோசேட் அடித்தும் சம்பாவ் சாகவில்லை. அதற்குப் பின் குளுபோசினேட் என்ற மருந்தை நாடினார்கள். 2009 வாக்கில் பகாங் ஜெராண்டுட்டிலும் மலாக்கா கேசாங்கிலும் அதற்கும் அடங்காத சம்பாவ் தலைகாட்டியது.

இது எப்படி நடக்கிறது? புல்லுக்கு மருந்து 'பழகிப் போச்சு' என்று நாம் சொல்வோம். உண்மை கொஞ்சம் வேறு. லட்சக்கணக்கான செடிகளில் ஒன்றிரண்டு பிறவியிலேயே வித்தியாசமாக இருக்கும். கிளைபோசேட் புல்லின் உடம்பில் ஓர் இடத்தில் போய்ப் பூட்டுப் போட்டு அதைப் பட்டினியாகச் சாகடிக்கிறது. அந்த ஒன்றிரண்டு செடியில் அந்த இடம் சற்றே மாறியிருப்பதால் பூட்டு மாட்டாது. மற்றதெல்லாம் செத்துவிட, இது மட்டும் போட்டியில்லாமல் வளர்ந்து விதை போடும். அடுத்த தடவையும் அதே மருந்து, அதற்கடுத்த தடவையும் அதே மருந்து என்றால், நாலைந்து வருஷத்தில் காடு முழுவதும் அதன் பிள்ளைகுட்டிகள்தான். நாமே பொறுக்கி எடுத்து வளர்த்த மாதிரி ஆகிவிடுகிறது.

"மருந்தைக் கொஞ்சம் கெட்டியாக் கலக்கு" என்று மண்டோர் சொன்னால், அதனால் அந்தப் புல் சாகப் போவதில்லை. கலக்குகிறவன் கையும் நுரையீரலும்தான் கூடுதல் நஞ்சை வாங்கும்.

செய்யக்கூடிய வழிகள்

முதலாவது, லாலானைப் பூக்க விடாதீர்கள். ஒன்றிரண்டு குத்துகள் தெரியும்போதே கவனித்தால் வேலை சுலபம். அந்தக் காலத்தில் துணியை மருந்தில் நனைத்து, குத்துக் குத்தாக லாலானைத் துடைக்கும் வேலை தோட்டங்களில் இருந்தது. முழுக் காட்டுக்கும் அடிப்பதைவிட அதற்கு மருந்து எவ்வளவோ குறைவு. தக்க கையுறை போட்டுக்கொண்டு செய்தால் இன்றும் அது நல்ல முறையே.

இரண்டாவது, மருந்து அடித்தே ஆகவேண்டும் என்றால் பக்குவமாக அடிக்க வேண்டும். கிளைபோசேட் இலை வழியாக இறங்கும் மருந்து. ஆகவே அடிப்பதற்கு முன்னால் லாலானை வெட்டக்கூடாது. பச்சையாகச் செழித்து நிற்கும்போது அடிக்க வேண்டும். கலங்கல் தண்ணீரில் கலக்கினால் மருந்து மண்ணோடு ஒட்டிக்கொண்டு வீணாகும். தெளிந்த தண்ணீர்தான் வேண்டும். மழை வரும் போலிருந்தால் அடிக்காதீர்கள். இலை வாடி மடிய இரண்டு மூன்று வாரம் ஆகும். அதற்குள் "சாகலையே" என்று மறுபடி அடிப்பது வீண் செலவு, வீண் நஞ்சு. ஆனால் சில வாரம் கழித்துத் திரும்பிப் பார்த்து, தப்பிய குருத்துகளைக் கவனிக்க வேண்டும். தூங்கிக்கிடந்த கணுக்கள் அப்போதுதான் விழிக்கும்.

மூன்றாவது, சம்பாவை விதைக்கு முன்னால் பிடியுங்கள். மழை பெய்து மண் இளகியிருக்கும்போது இளஞ்செடி கையோடு வரும். கதிர் விட்ட பிறகு வெட்டினால், வெட்டிப் போட்ட இடமெல்லாம் விதை. பூட்ஸிலும் டிராக்டர் சக்கரத்திலும் ஒட்டிக்கொண்டு அது நிரைக்கு நிரை போகும். மருந்தடித்த பிறகும் பச்சையாக நிற்கும் செடியைக் கண்டால் மண்டோரிடம் சொல்லுங்கள். அதைப் பிடுங்கி எடுப்பதும், அடுத்த முறை வேறு வகை மருந்துக்கு மாறுவதும் தோட்டத்துக்கு லாபம். எந்த மருந்துக்கு எந்தப் புல் சாகவில்லை என்பதை முதலில் காண்பது ஆபீசில் இருப்பவர் அல்ல, நிரையில் நடக்கும் நீங்கள்தான்.

நான்காவது, மண்ணை மொட்டையாக விடாதீர்கள். வெட்டிய மட்டையை நிரைக்கு நடுவே பரப்புவதும், மில்லிலிருந்து வரும் வெறுங்குலையைப் போடுவதும் புல்லை மூடி வைக்கும், மண்ணுக்கும் உரமாகும். எல்லாச் செடியும் எதிரியல்ல. மரத்துக்குத் தீங்கில்லாத மெல்லிய பெரணிச் செடிகளை விட்டுவைக்கலாம். சாலையோரத்தில் மஞ்சளும் வெள்ளையுமாகப் பூக்கும் துர்நெரா செடியைச் சில தோட்டங்கள் வேண்டுமென்றே நடுகின்றன. மட்டையைத் தின்னும் பைப்புழுவைக் கொல்லும் குளவிகளுக்கு அந்தப் பூவின் தேன்தான் சாப்பாடு. கண்மூடித்தனமாக எல்லாவற்றையும் மருந்தடித்துக் கொன்றால், வெறும் மண்ணில் முதலில் வந்து குந்துவது லாலானும் சம்பாவும்தான்.

ஐந்தாவது, மாடு. வளர்ந்த செம்பனைக் காட்டில் மின்கம்பி வேலி கட்டி, மாடுகளை இடம் மாற்றி மாற்றி மேய்க்கும் முறை நம் நாட்டிலேயே இருக்கிறது. மருந்துச் செலவு அதனால் குறைகிறது. இளங்கன்றுகள் உள்ள இடத்தில் இது ஆகாது. முற்றிய லாலானையும் மாடு தொடாது. புதிதாக மருந்தடித்த இடத்தில் மாட்டையோ ஆட்டையோ விடவே கூடாது.

வீட்டுக்குப் பின்னால் மரவள்ளியோ வாழையோ போட நினைப்பவர்களுக்கு மருந்தே தேவையில்லை. ஆள் உயர லாலானை வெட்டாமல், ஒரு கனமான பலகையைப் போட்டு மிதித்து மிதித்துத் தரையோடு சாய்த்துவிடுங்கள். வெட்டினால் சீக்கிரம் துளிர்க்கும். சாய்த்தால் தாமதமாகத்தான் எழும்பும். அதற்குள் கொடியோ பயறோ மேலேறி மூடிவிடும். சின்ன இடமென்றால் வெயில் காலத்தில் சாங்கூலால் ஆழக் கொத்தி, வெள்ளைத் தண்டுகளைப் பொறுக்கி வெயிலில் காயப் போடுங்கள். பொறுக்காமல் கொத்தினால், கொத்தாமலே இருந்திருக்கலாம்.

மருந்தா, நஞ்சா?

நாம் 'மருந்து' என்கிறோம். டின்னில் மலாய் மொழியில் 'ராச்சூன்' என்று எழுதியிருக்கிறது. அதாவது நஞ்சு. பெயரில் ஏமாறக் கூடாது. பாராகுவாட் போய்விட்டது என்பதால் மற்றதெல்லாம் பால் தண்ணீர் ஆகிவிடாது. 2015இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, கிளைபோசேட் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று வகைப்படுத்தியது. அமெரிக்க, ஐரோப்பிய ஆணையங்கள் அதை ஒப்பவில்லை. அந்த விவாதம் அவர்களுக்குள் நடக்கட்டும். நாம் நம் தோலில் படாமல் பார்த்துக்கொள்வோம். குளுபோசினேட் கருத்தரிப்புக்கும் கருவுக்கும் கெடுதல் என்று ஐரோப்பாவில் வகைப்படுத்தப்பட்டு, 2018இல் அங்கே அதன் அனுமதி முடிந்தது. கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் மருந்து வேலைக்குப் போகக்கூடாது. ஆர்.எஸ்.பி.ஓ. சான்றிதழ் பெற்ற தோட்டங்களில் இது விதியாகவே இருக்கிறது. "கூச்சமா இருக்கு, எப்படிச் சொல்றது?" என்று மறைக்க வேண்டாம், தாய்மார்களே. மண்டோரிடம் சொல்லி வேறு வேலை கேளுங்கள்.

அடைத்துக்கொண்ட நாசிலை வாயால் ஊதாதீர்கள். காற்றுக்கு எதிராக அடிக்காதீர்கள். ஒழுகும் பம்பை முதுகில் ஏற்றாதீர்கள். கைகழுவாமல் வெற்றிலையோ சிகரெட்டோ தொடாதீர்கள். வேலை முடிந்ததும் குளித்துவிட்டுப் பிள்ளையைத் தூக்குங்கள். மருந்துத் துணியைத் தனியாகத் துவையுங்கள். மிச்ச மருந்தைக் குளிர்பானப் போத்தலில் ஊற்றி வைத்து, அதைப் பிள்ளைகள் குடித்து உயிர்விட்ட கொடுமை வேண்டாம். காலி டின்னைத் தண்ணீர்ப் பாத்திரமாக்காதீர்கள். யாராவது நஞ்சை விழுங்கிவிட்டால், நீங்களாக வாந்தி எடுக்க வைக்காமல், டின்னையோ லேபலையோ கையோடு எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். எந்த நஞ்சு என்று தெரிந்தால்தான் டாக்டர் சரியாகக் கவனிக்க முடியும்.

உரிமையும் தெரிந்திருக்க வேண்டும். 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி, வேலையைப் பாதுகாப்பாகச் செய்யத் தேவையான ஏற்பாடும் பயிற்சியும் கொடுப்பது முதலாளியின் கடமை. 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி, உயிருக்கோ உடம்புக்கோ உடனடி ஆபத்து என்று நம்ப நியாயமான காரணம் இருந்து, சொல்லியும் முதலாளி ஒன்றும் செய்யாவிட்டால், தொழிலாளி அந்த இடத்தைவிட்டு விலகலாம். வேலையால் வந்த நோய்க்குப் பெர்கேசோவில் மனுச் செய்யவும் வழி இருக்கிறது. ஆகவே டாக்டரிடம் போகும்போது, "நான் தோட்டத்துல மருந்தடிக்கிறேன்" என்று முதலில் சொல்லுங்கள். அதைப் பதிவில் எழுதச் சொல்லுங்கள். எழுத்தில் இல்லாதது பின்னால் எடுபடாது.

பாட்டாளித் தோழர்களே! காலங்காலமாகப் புல்லை வெட்டினோம், கொளுத்தினோம், நஞ்சடித்தோம். நிழலுக்கு அஞ்சும் லாலானை நிழலால் அடக்கலாம். விதையால் பெருகும் சம்பாவை விதைக்கு முன்னே பிடிக்கலாம். இந்த இரண்டும் தெரிந்த தொழிலாளி பத்து டின் மருந்துக்குச் சமம். நிரையில் நீங்கள் காண்பதை வாய்திறந்து சொல்லுங்கள். லேபலைப் படிக்கத் தெரியாவிட்டால் படித்த பிள்ளையிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். புல் அடுத்த மழைக்கும் முளைக்கும். கெட்டுப்போன நுரையீரல் மறுபடி முளைக்காது.